நாடா வைத்த மாஸ்க்

என் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய பிளவுஸ் அளவுகள் அதில் தொங்கும். முதுகு, கை, பட்டி என்று ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியிருப்பேன். எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று அட்டைகள் பெயர் எழுதாமல் கிடக்கின்றன. ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு, மூன்றாவது என் வீட்டுக்காரரின் மூக்குக்கென்றே தனியாக வெட்டியது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததிலிருந்து ஒன்றரை வருஷம் நான் அதிகம் கையில் எடுத்தது அந்த மூன்று மாஸ்க் அட்டைகளைத்தான்.

ஈரோட்டில் பதினாறு வருஷமாக வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள் நான். அவர் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஒரு பெண், ஒரு பையன், மாமியார். மார்ச் 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு அன்று டிவியில் ஒரு பட்டியல் ஓடியது. முடக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்ன 75 மாவட்டங்களில் தமிழ்நாட்டில் மூன்று: சென்னை, காஞ்சிபுரம், அப்புறம் எங்கள் ஈரோடு. 24ஆம் தேதி மாலை 6 மணிக்கு 144 வந்தது. சித்திரைக் கல்யாணங்களுக்காக வெட்டி வைத்திருந்த 23 பிளவுஸ்கள் அப்படியே மூட்டையாகிப் பரண் ஏறின.

இரண்டடுக்கு மாஸ்க் 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய், அதற்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு அறிவித்திருந்தது. பக்கத்து மருந்துக்கடையில் கேட்டால் முதல் நாள் 30 ரூபாய், இரண்டாம் நாள் ஸ்டாக் இல்லை. அவர் மண்டியில் வேலைபார்ப்பதால் மூட்டை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள் என்று தினமும் பத்துப் பேர் முகத்துக்கு நேரே பேசுவார்கள். மெஷின் வீட்டில் இருக்கிறது, துணி இருக்கிறது, கை இருக்கிறது. ஒரு மாஸ்க் தைக்க முடியாதா என்ன என்ற தெனாவட்டில்தான் உட்கார்ந்தேன்.

முதல் மாஸ்க் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அது எதற்கும் உதவாது என்று தெரிய ஒரு நாள் ஆனது.

தப்பு துணியில் இருந்தது. எங்கள் பக்கத்து விசைத்தறிகளில் ரயான் காடா நிறைய ஓடும், அதனால் வீட்டில் எப்போதும் ரயான் கட் பீஸ் கிடக்கும். தொட்டால் வழவழவென்று இருக்கிறதே என்று அதில் தைத்துவிட்டேன். மூச்சுக் காற்றின் ஈரம் பட்டதும் தொய்ந்து உதட்டோடு ஒட்டிக்கொண்டது. ரயான் நனைந்தால் பலம் இழக்கும் என்பது பாவாடை தைக்கும்போது தெரிகிற எனக்கு மாஸ்க் தைக்கும்போது ஞாபகம் வரவில்லை. அடுத்ததைப் பருத்தி லைனிங் துணியில் தைத்தேன். அரக்குச் சிவப்பு. புதுத் துணியைத் துவைக்காமல் தைத்ததால் கஞ்சி விறைப்பில் மூச்சு முட்டியது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவருக்கு மீசையிலிருந்து தாடை வரைக்கும் சாயம். வெற்றிலை போட்டுத் துடைக்காமல் வந்தவர்போல இருந்தார். அத்தை சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தத் துணியானாலும் முதலில் வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, காய்ந்த பிறகுதான் கத்தரி வைப்பது. கஞ்சி போகும், சுருங்குவது முன்னாலேயே சுருங்கிவிடும், சாயம் விடுகிற துணி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். துணி வழியாகத் தெருவிளக்குக் கம்பம் தெரிந்தால் அது மாஸ்க்குக்கு ஆகாது. தைத்து முடித்ததும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் எரிகிற மெழுகுவத்தியை ஊதுவேன். சுலபமாக அணைந்தால் துணி மெல்லிசு. ஊதவே முடியாமல் நெஞ்சு வலித்தால் ரொம்பக் கெட்டி. போட்டவர் அரை மணியில் கழற்றி எறிந்துவிடுவார். சென்னிமலை பெட்ஷீட் ஒன்றைக் கிழித்துத் தைத்தது இந்த இரண்டாம் ரகத்தில் சேர்ந்தது.

கடைசியில் சரியாக அமைந்தது என் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி. நாலைந்து வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. கரையை வெட்டி எடுத்துவிட்டு, அதை முகத்தில் படுகிற பக்கத்துக்கு இரண்டு மடிப்பாக வைத்தேன். வெளிப்பக்கம் நெருக்கமாக நெய்த பாப்ளின். அளவு கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பெரியவர்களுக்கு 9 அங்குல நீளம், 7 அங்குல அகலம்; பிள்ளைகளுக்கு 7க்கு 5. தையலுக்கென்று சுற்றிலும் அரை அங்குலம் கூட விட்டு வெட்ட வேண்டும். குறுக்கே மூன்று ஃப்ளீட், அதாவது மடிப்பு, பிடித்தால் 7 அங்குலம் மூன்றரையாகச் சுருங்கி, போடும்போது தாடை வரை விரியும். ஃப்ளீட்டின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் தூசியெல்லாம் அதில் போய் உட்காரும். நான் முதல் முப்பது மாஸ்க்கை மேல்நோக்கித்தான் தைத்தேன்.

பெரிய மூக்குக்காரர்களுக்கு ஃப்ளீட் மாஸ்க் சரிவராது. கன்னத்தின் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். என் வீட்டுக்காரர் அப்படி. அவருக்கு யோசித்தபோதுதான் பிரின்ஸஸ் கட் பிளவுஸ் ஞாபகம் வந்தது. வளைவாக வெட்டிய இரண்டு துண்டை நடுவில் சேர்த்தால் குழிவு தானாக வரும். மூக்குக்கும் அதே கணக்குதான். பிளவுஸ் தைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், அட்டையைக் காட்டினால் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நடுவில் வருகிற தையலில் ஊசி ஓட்டைகள் இருக்கும். வெளித்துணியின் தையலும் உள்துணியின் தையலும் ஒரே கோட்டில் விழாதபடி உள்ளே இருப்பதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

ஏப்ரல் 3ஆம் தேதி, சாதாரண மக்கள் வீட்டில் தைத்த துணி முகமூடியைப் போட்டுக்கொண்டாலே போதும், மருத்துவமனை மாஸ்க்கை டாக்டர், நர்ஸுகளுக்கு விட்டுவிடுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. அதோடு தெருவே என் வாசலுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு என்னிடம் மிச்சம் இருந்த எலாஸ்டிக் ஐந்து மீட்டர். ஒரு மாஸ்க்குக்கு இரண்டு காதுக்கும் சேர்த்து 14 அங்குலம் வேண்டும். பதினாலு மாஸ்க்கில் தீர்ந்துபோனது. ஜவுளிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, எலாஸ்டிக்குக்கு எங்கே போவது?

பெட்டியில் உள்பாவாடை நாடா ஒரு பந்து இருந்தது. அதை நாலு துண்டாக வெட்டி, மேலே இரண்டு கீழே இரண்டு வைத்துத் தைத்தேன். மேல் நாடாவைக் காதுக்கு மேலாகக் கொண்டுபோய் உச்சிக்குப் பின்னால் கட்ட வேண்டும், கீழ் நாடாவைப் பிடரியில். என் தம்பி பார்த்துவிட்டு, "ஏக்கா, இது மாஸ்க்கா கோமணமா?" என்றான். கோபம் வந்தாலும் அதே வாரத்தில் ஒன்று புரிந்தது. எலாஸ்டிக் வைத்தது நாலு துவையலில் இளகிவிடுகிறது, காதின் பின்பக்கம் புண்ணாகிறது. நாடா முகத்துக்குத் தக்கபடி இறுக்கிக்கொள்ள வரும், முகத்தோடு படிந்து நிற்கும். ஆறு மாதம் கழித்து என் பெண் எதையோ படித்துவிட்டு வந்து சொன்னாள். 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வந்தபோது, பினாங்கில் பிறந்த ஊ லியென் தே என்ற டாக்டர் பஞ்சை வலைத்துணியில் மடித்துத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரிதான் மாஸ்க் செய்து எல்லோரையும் கட்டச் சொன்னாராம். அதைக் கட்ட மறுத்த ஒரு பிரெஞ்சு டாக்டர் அந்த நோயிலேயே இறந்துபோனாராம். தம்பிக்குப் போன் போட்டு இதைச் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்குச் சாப்பிட்டேன்.

நாடாவும் தீர்ந்த பிறகு பனியன் துணிதான் கை கொடுத்தது. பழைய பனியனைக் குறுக்கே முக்கால் அங்குலப் பட்டையாக வெட்டி இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால், தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். ஓரம் அடிக்க வேண்டாம், பிரியாது, காதும் வலிக்காது.

மூக்குக் கம்பி ஒரு தனிக் கதை. கம்பி இல்லாவிட்டால் மூச்சு மேலே போய்க் கண்ணாடியில் ஆவி படியும். பக்கத்துத் தெருவில் ரிட்டையர்டான வாத்தியார் ஒருவர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். எந்த மாஸ்க் தைத்தாலும் முதலில் அவருக்குக் கொடுத்துவிடுவேன். கண்ணாடி மங்கினால் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம், அதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை. கட்டிட வேலைக்கு வைத்திருந்த கட்டுக் கம்பியைத்தான் முதலில் வைத்தேன். மூன்றாவது துவையலில் துரு இறங்கி, வெள்ளை மாஸ்க்கில் மூக்குக்கு மேல் காப்பிக் கறை. அப்புறம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தம்பியிடம் கேட்டு, வார்னிஷ் பூசிய செம்புக் கம்பித் துண்டுகளை வாங்கினேன். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி, நாலு அங்குலத்துக்கு வெட்டி, முனை குத்தாமல் இருக்க இரண்டு பக்கமும் மடக்கி, மேல் ஓரத்தில் சின்ன உறை மாதிரி தைத்து உள்ளே விட்டால் துருவும் இல்லை, உடையவும் உடையாது. கோமணம் என்றவன் வீட்டுக் கம்பிதான் ஈரோட்டில் நூறு மூக்கில் உட்கார்ந்தது.

ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் மூன்றடுக்கு பற்றிச் சொன்னது. உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் வடிகட்டும் பாலிபுரொப்பிலீன், வெளியே ஈரம் இழுக்காத பாலியெஸ்டர் கலந்த துணி. பாலிபுரொப்பிலீன் என்பது வேறொன்றும் இல்லை, ஜவுளிக்கடையில் துணி மாதிரியே இருக்கும் ஒரு பை கொடுப்பார்களே, அந்தச் சங்கதிதான் என்று கேள்விப்பட்டு வீட்டில் இருந்த பைகளையெல்லாம் வெட்டினேன். தைத்து முடித்து, வழக்கம்போல இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். உள்ளே இருந்தது உருகிச் சுருண்டு, மாஸ்க் கருவாடு மாதிரி ஆகிவிட்டது. பெட்டியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்க ஒரு மத்தியானம் போனது. பிறகு அந்த நடு அடுக்கை உள்ளே தைக்காமல், பக்கவாட்டில் ஒரு வாய் விட்டுச் செருகி எடுக்கிற மாதிரி வைத்தேன். துவைக்கும்போது உருவி எடுத்துத் தனியாக அலசிக் காற்றில் உலர்த்தலாம்.

இதுவரை சொன்னது தையல்காரி வேலை. மே மாதக் கடைசியில்தான் ஒரு அக்கா எனக்குப் பாடம் எடுத்தார். எங்கள் தெருவைப் பெருக்க வருகிற தூய்மைப் பணியாளர். அவருக்கு இரண்டு மாஸ்க் சும்மா கொடுத்திருந்தேன், பெருமையோடு. நாலு நாள் கழித்துப் பார்த்தால் தாடைக்குக் கீழே தொங்குகிறது. நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஆறு மணிக்குப் போடறேன், ஏழரைக்கெல்லாம் வேர்வையில நனைஞ்சு போவுது. நனைஞ்ச துணிய மூக்குல வெச்சுட்டு எப்படிங்க மூச்சு விடறது? ரெண்டு குடுத்தீங்க, ஒண்ணு காயறதுக்குள்ள இன்னொண்ணு நனைஞ்சிருது."

நாற்காலியில் உட்கார்ந்து பிளவுஸ் தைக்கிறவளுக்கு ஒரு மாஸ்க் நாள் முழுக்க வரும். வெயிலில் வண்டி தள்ளுகிறவருக்கு ஒன்றரை மணி நேரம்தான். நனைந்த மாஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும், அதில் காற்றும் சரியாகப் போகாது, சுத்தமும் கிடையாது. அன்றைக்கு அவருக்கு வேட்டித் துணியில் ஆறு தைத்துக் கொடுத்தேன், கூடவே இரண்டு சின்னச் சுருக்குப் பை. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. வெள்ளையில் துவைத்தது, கறுப்பில் போட்டுக் கழற்றியது. அதற்குப் பிறகு யார் ஒரு மாஸ்க் கேட்டு வந்தாலும் நான் ஒன்றாக விற்கவில்லை. குறைந்தது மூன்று, கூட ஒரு பை. வியாபாரத் தந்திரம் என்று சிலர் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

என்னைக் கேட்டால் தைப்பதெல்லாம் சின்ன வேலைதான். அதைத் தினமும் துவைப்பதில்தான் வீடு தோற்கும். பிள்ளைகள் கழற்றி டிவி மேல் வைப்பார்கள். அவர் சட்டைப் பையில் சில்லறையோடு சுருட்டி வைப்பார். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று தெரியாமல் திருப்பிப் போடுவார்கள். அதனால் உள்பக்கம் எப்போதும் வெள்ளை என்று வைத்துவிட்டேன். ஓரத்தில் ஆளுக்கு ஒரு நிற நூலில் சின்னப் பெருக்கல் குறி: அத்தைக்கு மஞ்சள், பெண்ணுக்கு நீலம், பையனுக்குப் பச்சை. மறுநாளே பையன் அவனுடையதை எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்து அவனுடைய ஸ்பைடர்மேன் படம் போட்டதை மாற்றிக்கொண்டு வந்தான்.

வாசலில் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதில் சோப்புத் தண்ணீர். வெளியிலிருந்து வருகிறவர் முன்பக்கத் துணியைத் தொடாமல், பின்முடிச்சை அவிழ்த்து, நாடாவைப் பிடித்தே வாளியில் போட வேண்டும். அப்புறம்தான் கைகழுவுவது. சாயந்திரம் எல்லாவற்றையும் கசக்கிப் பிழிந்து, பழைய குக்கரில் கல்லுப்பு போட்ட தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவிடுவேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை, வீட்டில் செய்யும் மாஸ்க் பற்றி மத்திய அரசின் அறிவியல் ஆலோசகர் அலுவலகம் போட்ட கையேட்டில் இருந்தது. குக்கர் இல்லையென்றால் கொதிநீரில் கால் மணி நேரம், இல்லாவிட்டால் சோப்பில் துவைத்து நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம். ஈரோட்டு வெயிலுக்கு ஐந்து மணி நேரம் ஒரு பெரிய விஷயமில்லை. ஐப்பசி மழையில்தான் திண்டாட்டம். பாதி காய்ந்ததைப் போட்டால் வாடை அடிக்கும். அதற்குத்தான் இஸ்திரி.

கைகழுவுவதைப் பற்றி ஊரே பேசிவிட்டது. என் பங்குக்குத் தண்ணீர் விஷயம் மட்டும் சொல்கிறேன். குழாய்த் தண்ணீர் எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை. குழாயைத் திறந்துவிட்டு இருபது விநாடி கைகழுவச் சொன்னால் குடம் காலியாகும். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரை நிறுத்திவிட்டு, சோப்பு நுரையோடு விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், புறங்கை எல்லாம் தேய்த்து முப்பது வரை எண்ணுங்கள், அப்புறம் அரைச் சொம்புத் தண்ணீர் போதும். இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை இருப்பதால், சாதாரணத் துணி சோப்பே அதைக் குலைத்துவிடும். விலை உயர்ந்த சானிடைசர் தேடி ஓடத் தேவையில்லை. சோப்பு வெங்காய வலைப்பையில் கட்டி வாசல் குழாயில் தொங்கியது. நழுவி மண்ணில் விழாது, ஈரத்தில் ஊறிக் கரையாது, வலையே தேய்க்கிற நாரும் ஆகிவிடும். இது அத்தையின் யோசனை.

அத்தைக்கு மாஸ்க் மேல் நம்பிக்கை கிடையாது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டால் போதும் என்பார். அதே முந்தானையில் கையைத் துடைப்பார், பேரனின் மூக்கைத் துடைப்பார், அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தையும் இறக்குவார். வாசலில் வேப்பிலை கட்டினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "தெளிங்க அத்தை, கைக்கு மட்டும் சோப்பு போட்டிருங்க" என்பேன். "நீ சொன்னா செரிதான் அம்மிணி" என்பார், ஒரு மாதிரி இழுத்து. சண்டை போட்டிருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் வேறு. கபசுரக் குடிநீர் குடித்த சொம்பு வரைக்கும் எல்லாவற்றையும் கிருமி நீக்க வேண்டும் என்ற வெறியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு, மேலே கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் விட்டார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பச்சை வாடை, கண் எரிச்சல், இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்கு ஒரு மணி நேரம் நெஞ்சு எரிந்தது. கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே விஷப்புகை போட்டிருப்போம். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் மட்டும் கரையுங்கள். ஆசிட், பினாயில், வினிகர் எதையும் கூடச் சேர்க்க வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். சானிடைசர் தடவின கையோடு அடுப்பு பற்றவைப்பதும் இதே ரகம், அதில் பெரும்பகுதி ஆல்கஹால்.

பால் பாக்கெட்டைக் கழுவினோம், வாழைப்பழத்தைக் கழுவினோம், கறிகாயை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் ஊறவைத்தோம். இப்போது நினைத்தால், அந்தக் கவனத்தில் பாதியை ஜன்னலைத் திறந்து வைப்பதில் காட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அடைத்த அறையில் கூடி உட்கார்ந்து பேசும்போது காற்று வழியாகத்தான் இது அதிகம் பரவுகிறது என்பது எங்களுக்கு உறைக்க ஒரு வருஷம் ஆனது. தெருவில் தனியாக நடக்கும்போது மாஸ்க், உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் கழற்றி மடியில். செப்டம்பரில் மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று வந்தபோது போலீஸைப் பார்த்தால் மேலே ஏறுகிற, தாண்டியதும் கீழே இறங்குகிற தாடி மாஸ்க்குகள்தான் ஊரெல்லாம். போன் வந்தால் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. மறுமுனையில் இருப்பவருக்கா தொற்றப்போகிறது?

2021 மே மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஒரு காலையில் மண்டியிலிருந்து அவர் போன் செய்தார். "மஞ்சள் வாசமே வரலை" என்றார். வாழ்நாளெல்லாம் மஞ்சள் வாசத்திலேயே இருப்பவர். சட்டையைத் துவைத்தாலும் போகாத வாசம். எனக்குக் கை நடுங்கியது. அன்றிரவே காய்ச்சல், மறுநாள் டெஸ்ட், பாசிட்டிவ். ஆக்ஸிஜன் 96இல் நின்றதால் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். 94க்குக் கீழே இறங்கினால் உடனே கிளம்ப வேண்டும் என்றார்கள்.

தைத்த மாஸ்க் மேல் எனக்கு இருந்த பெருமை அந்தப் பதினாலு நாளில் அடங்கியது. நோயாளி இருக்கிற அறைக்குள் போக வெறும் துணி போதாது. மருந்துக்கடை மூன்றடுக்கு மாஸ்க்கை முகத்தில் போட்டு, அதன் மேல் என் துணி மாஸ்க்கை நாடாவால் இறுக்கிக் கட்டினேன். கடை மாஸ்க் நன்றாக வடிகட்டும், ஆனால் கன்னத்தில் இடைவெளி விடும். துணி மாஸ்க் அதை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். அவரும் நான் உள்ளே போகும்போதெல்லாம் போட்டுக்கொண்டார். தெருப்பக்க ஜன்னல் இரவும் பகலும் திறந்தே இருந்தது, கொசுவலை கட்டி. டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்க்கத் திருப்பி, அறைக் காற்று வெளியே போகிற மாதிரி வைத்தோம். தட்டு, டம்ளர் தனி. சாப்பாட்டை வாசலில் முக்காலியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் போட்ட கடை மாஸ்க்குகளைக் கத்தரித்து, காகிதப் பையில் மூன்று நாள் வைத்துவிட்டுத்தான் குப்பையில் சேர்த்தேன். தெரு பெருக்க வருகிற அந்த அக்காவின் கை படுகிற குப்பை அது.

எனக்கும் ஆறாம் நாள் தொண்டை கட்டியது. எனக்கும் பாசிட்டிவ்தான், ஆனால் லேசாகப் போய்விட்டது. பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் வரவில்லை. அத்தைக்கு ஏப்ரலில் முதல் ஊசி போட்டிருந்தோம். பதினாலு நாளும் அவர் திண்ணையில்தான் படுத்தார், முந்தானைக்குப் பதிலாக மஞ்சள் பெருக்கல் குறி போட்ட மாஸ்க்கோடு. மாஸ்க்தான் காப்பாற்றியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஜன்னலா, ஊசியா, திண்ணையா, எது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. அத்தையைக் கேட்டால் வேப்பிலை என்பார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவருக்கு வாசம் திரும்பியது. முதலில் வந்தது மஞ்சள் இல்லை, மண்ணெண்ணெய்.

2022இல் கல்யாணங்கள் மறுபடி களைகட்டின, பரண் மூட்டையை இறக்கினேன். அந்த 23 பிளவுஸில் ஒன்பது பேருக்கு அளவு மாறியிருந்தது. மாஸ்க் அட்டைகள் ஆணிக்கு அடியில் போனது அப்போதுதான்.

போன மாதம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் வந்தாள். பஞ்சுத் தூசியில் இருமல் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றாள். முதலில் மில்லில் நல்ல மாஸ்க் கொடுக்கச் சொல்லிக் கேள், பஞ்சுத் தூசிக்குத் துணி முழுக்கத் தாங்காது என்றேன். கேட்டாளாம், வரும் என்கிறார்களாம். அதுவரைக்கும் ஆறு வேண்டும் என்றாள். எழுந்து, பிளவுஸ் அட்டைகளை ஒதுக்கி அடியில் கிடந்ததை உருவினேன். ஓரம் கொஞ்சம் கறையான் அரித்திருந்தது, அளவு சரியாகத்தான் இருந்தது.

"எலாஸ்டிக் வெக்கட்டுமா, நாடாவா?"

"நாடாவே வெச்சுருங்கக்கா. பை குடுப்பீங்களாமே, அதும் வேணும்."